கிழங்குக்கு ஒரு குளிர், தாருக்கு ஒரு குளிர்

உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றையும் பச்சைப் பூவன் தார் ஒன்றையும் 4 டிகிரி குளிரில் ஒரே அறைக்குள் வைத்துப் பூட்டி, இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் கிழங்கு இனித்திருக்கும். வாழை இனிக்கவே இனிக்காது. கிழங்கில் இருந்த மாவில் ஒரு பங்கு யாரும் கேட்காமலேயே சர்க்கரையாகியிருக்கும். வாழையிலோ சர்க்கரையாக வேண்டிய மாவு அப்படியே இறுகிக் கிடக்கும். வெளியே எடுத்து எத்தனை நாள் வைத்தாலும், எந்த வாயுவைக் காட்டினாலும், அது ஒழுங்காகப் பழுக்காது. தோல் மட்டும் சாம்பல் பூத்துக் கறுக்கும். குளிர் ஒன்று, அறை ஒன்று, இரண்டிலும் இருப்பது மாவு, விளைவு மட்டும் நேர் எதிர். சேமிப்புக் கிடங்கிலும் பழுக்கவைக்கும் அறையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினப்படிச் செய்தி. ஆனால் காவிரிக்கரையில் தொட்டியம், முசிறி, காட்டுப்புத்தூர் பக்கம் தார் விலை சரியும்போதெல்லாம் எழும் கோரிக்கையில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. 'ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கட்டிக் கொடுங்கள்' என்பதோடு அந்தக் கோரிக்கை நின்றுவிடுகிறது. எத்தனை டிகிரி, எந்த இனத்துக்கு, எத்தனை நாளைக்கு, வெளியே எடுத்தபின் என்ன உபயோகத்துக்கு என்ற நான்கு கேள்விக்கும் பதில் வைத்துக்கொள்ளாமல் கட்டப்படும் குளிர்பதனக் கிடங்கு வாழை விவசாயிக்கு நட்டத்தையே கொண்டுவரும் என்பது என் வாதம். அதை உருளையிலிருந்து தொடங்குவதே முறை. இந்தியாவில் குளிர்பதனக் கிடங்கு என்ற தொழில் பெரும்பாலும் உருளைக்காக, உருளையின் இயல்பைப் பார்த்து வளர்ந்தது.

100 கிராம் உருளையில் ஏறக்குறைய 80 கிராம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு மாவு. இனத்தையும் மண்ணையும் பொறுத்து 14 முதல் 18 கிராம். முற்றித் தோண்டிய நல்ல கிழங்கில் சர்க்கரை மிகச் சொற்பம். மாவு செல்லுக்குள் தனித்தனி உறையில், துகள் துகளாக அடைந்திருக்கிறது. அடுத்த பருவத்தில் கண்களிலிருந்து கிளம்பப்போகும் முளைக்காகத் தாய்ச்செடி கட்டிவைத்த சோறு அது. தோண்டிய கிழங்கைச் செத்த பொருளாக நினைப்பவருக்குச் சேமிப்புத் தொழில் பிடிபடாது. கிழங்கு மூச்சு விடுகிறது, சூடு கக்குகிறது, உறங்குகிறது, உறக்கம் கலைந்ததும் முளைக்கிறது. வடநாட்டுச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டும் கிழங்குக்கு முன்னால் கோடை நிற்கிறது. வெளியில் வைத்தால் சுருங்கும், அழுகும், முளைக்கும். 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்தால் முளை எழாது, மூச்சு அடங்கும், அக்டோபர், நவம்பர் வரை தாக்குப்பிடிக்கும். ஆக்ரா, ஹூக்ளி, தீசா வட்டாரங்களில் வரிசை வரிசையாக நிற்கும் கிடங்குகள் இந்த ஒரு கணக்கின்மேல் எழுந்தவை. நாட்டின் மொத்தக் குளிர்பதனக் கொள்ளளவில் ஏறக்குறைய முக்கால் பங்கை உருளையே பிடித்துக்கொண்டிருக்கிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் நீலகிரிக் கிழங்குக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடக்கும் வடநாட்டுக் கிழங்கு, ஆண்டின் பின்பாதியில் வந்ததென்றால், பல மாதம் அந்தக் குளிரில் உறங்கி எழுந்து வந்தது என்று கொள்ளலாம். ஊட்டிக் கிழங்குக்கு அந்த உறக்கம் அதிகம் தேவைப்படவில்லை. மலையில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் உண்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புதுக்கிழங்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. ருசியில் சனங்கள் சொல்லும் வேறுபாட்டில் மண்ணின் பங்கு எவ்வளவோ, அவ்வளவு குளிரின் பங்கும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

குளிரில் கிழங்கு இனிப்பதை முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர் ஹெர்மன் முல்லர்-துர்காவ், ஆண்டு 1882. அவர் பெயரில் ஒரு திராட்சை இனமே இருக்கிறது. கிழங்கு உறைந்துபோனதால்தான் இனிக்கிறது என்ற பழைய நம்பிக்கையை அவர் தகர்த்தார்; உறையாமல், உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலே போதும், சர்க்கரை சேரும் என்று காட்டினார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் நடந்த ஆராய்ச்சியில் உள்வேலை தெளிவாகியிருக்கிறது. காவிரிக்கரைக்காரருக்கு அதை மடைக்கணக்கில் சொல்லலாம். மாவு என்னும் ஏரியிலிருந்து பாஸ்பாரிலேஸ், அமைலேஸ் போன்ற நொதிகள் சிறிது சிறிதாக நீரைத் திறந்துவிடுகின்றன. அது சாதாரணமாகக் கிழங்கின் மூச்சுக்குச் செலவாகிவிடும். குளிர் வந்ததும் கீழ்மடை, அதாவது சர்க்கரையை எரிக்கும் பாதையிலுள்ள சில நொதிகள், மற்றவற்றைவிட அதிகமாக மந்தப்பட்டுவிடுகின்றன. மேல்மடை அந்த அளவுக்கு மூடுவதில்லை. திறந்த நீர் நடுவில் தேங்குகிறது, அதுதான் சுக்ரோஸ். பிறகு இன்வர்ட்டேஸ் என்ற இன்னொரு நொதி, குளிரிலேயே பெருகி, அந்தச் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் வெட்டுகிறது. 8, 10 டிகிரிக்குக் கீழே போகப்போக இந்தத் தேக்கம் கூடும். ஆண்டீஸ் மலையில் பிறந்த செடிக்கு இதில் ஒரு பயனும் உண்டு: செல்லில் கரைந்த சர்க்கரை உறைபனியிலிருந்து ஓரளவு காப்பு. ஆகவே கிழங்கு கெட்டுப்போய் இனிப்பதில்லை, பிழைப்பதற்காக இனிக்கிறது.

இனித்தால் என்ன குறை என்று கேட்பவர்களுக்குப் பாதி நியாயம் இருக்கிறது. பொரியலுக்கும் குருமாவுக்கும் மசால் தோசைக்கும் அந்த லேசான இனிப்பு பெரிய கெடுதல் இல்லை. வம்பு எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது. குளுக்கோஸும் பிரக்டோஸும் கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு கொதிக்கும் எண்ணெயில் சேர்ந்தால் கரும்பழுப்பு நிறமும் கசப்பும் வரும். சிப்ஸ் போடுகிறவர்கள் 100 கிராம் கிழங்கில் இந்த வகைச் சர்க்கரை 100 மில்லிகிராம் அளவைத் தாண்டக் கூடாது என்று பார்ப்பது அதனால்தான். 4 டிகிரியில் சில வாரம் இருந்த சாதாரண இனம் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். 2002-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வறுத்த, பொரித்த மாவுப் பண்டங்களில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாவதை அறிவித்தபின் விஷயம் நிறத்தோடும் கசப்போடும் நிற்கவில்லை. அந்த அக்ரிலமைடு அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலமும் இதே சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து பிறப்பது. குளிரில் சேர்ந்த சர்க்கரை கூடக்கூட அதுவும் கூடும். கடைவீதியில் உருளைச் சிப்ஸ் ஒரு மாதம் பொன்னிறமாகவும் அடுத்த மாதம் கரிந்ததுபோலவும் இருந்தால் சட்டிக்காரரைக் குறை சொல்வது எளிது. பெரும்பாலும் அந்தக் கரி கிடங்கிலேயே தயாராகிவிட்டது.

தொழில் இதற்குக் கண்ட விடைகள் கவனிக்கத் தக்கவை. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் குஃப்ரி சிப்சோனா வரிசையை வெளியிட்டது; மாவு அதிகம், சர்க்கரை குறைவு. கிடங்குகளும் மாறின: சிப்ஸுக்கான கிழங்கை 10 முதல் 12 டிகிரியில் வைத்து, அந்தச் சூட்டில் எழக்கூடிய முளையைக் குளோர்ப்ரோபாம் புகையால் அடக்குகிறார்கள். அப்படி வைத்த கிழங்கு வடநாட்டுச் சந்தையில் 'சுகர் ஃப்ரீ ஆலு' என்று கூடுதல் விலைக்குப் போகிறது. இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முளையடக்கும் மருந்து இலவசமான வரம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் குளோர்ப்ரோபாமுக்கு 2019-ல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அடுத்தது, 'சுகர் ஃப்ரீ' என்ற பெயர் நீரிழிவுக்காரரை ஏமாற்றுகிறது. 100 கிராம் கிழங்கில் 15 கிராம் மாவு இருக்க, குளிரில் சர்க்கரையாவது அதில் ஒரு சிறு பங்குதான். மீதி மாவும் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் உடையப்போகிறது. குளிரில் வைத்த கிழங்கைத் தின்றால் சர்க்கரை ஏறும், வைக்காததைத் தின்றால் ஏறாது என்று நம்பி அளவில்லாமல் தின்பவர் தம்மையே வஞ்சித்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் பெயரின் பின்னால் இருக்கும் தொழில்நுட்ப முடிவு சரியானது: ஒரே கிழங்குக்கு விதையாக வைக்க ஒரு டிகிரி, கறிக்கு ஒரு டிகிரி, சிப்ஸுக்கு ஒரு டிகிரி.

திருத்தமும் உண்டு. இனித்த கிழங்கை 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் பரப்பி வைத்தால் சேர்ந்த சர்க்கரையில் ஒரு பங்கு மூச்சில் எரிந்துபோகும், ஒரு பங்கு திரும்பவும் மாவாகும். முழுதாக மீளாது, மிக நீண்ட நாள் குளிரில் கிடந்த கிழங்கு மீளவே மறுப்பதும் உண்டு, என்றாலும் திரும்பும் வழி இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாழையில் அந்த வழி இல்லை.

தொட்டியத்துக்கு வருவோம். காவிரியின் வடகரையில், பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி, மொந்தன் என்று இத்தனை இனத்தைப் பக்கத்துப் பக்கத்து வயலில் பார்க்கக்கூடிய வட்டாரம் இது. மத்திய அரசின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-ல் திருச்சியில் அமைந்ததற்கும் இந்தப் படுகையின் வாழைக்கும் தொடர்பில்லாமல் இல்லை. வெட்டுப் பக்குவத்திலுள்ள பச்சை வாழைக்காயின் சதையில் மாவு 100-க்கு 20 முதல் 25 பங்கு, உருளையைவிட அதிகம். பழுத்து முடிந்தபின் அது ஒன்றிரண்டு பங்காகிவிடும், மிச்சமெல்லாம் சர்க்கரை. ஒரு வாரத்துக்குள் இவ்வளவு மாவை இவ்வளவு முழுமையாகச் சர்க்கரையாக்கும் பழங்கள் அரிது. உருளைக்கு மாவு முளை வரும்வரை காக்க வேண்டிய சேமிப்பு. வாழைக்கு அது பறவைக்கும் வௌவாலுக்கும் விருந்தாக மாற்ற வேண்டிய சரக்கு. அந்த மாற்றத்துக்கு எத்திலீன் என்னும் வாயு, காயே விடுவது, ஆணை பிறப்பிக்கிறது. ஆணை கேட்டபின் செல் புதிதாக நொதிகளைச் செய்துகொள்ள வேண்டும், உறைகளை நெகிழ்த்த வேண்டும், மூச்சைப் பல மடங்கு கூட்ட வேண்டும். நம் பாட்டன்மார் மூட்டம் போட்டுப் பழுக்கவைத்ததும் இதே கணக்குத்தான். புகையில் எத்திலீன் இருக்கிறது, மூடிய இடத்தில் சூடும் இருக்கிறது. இன்றைய அறையில் அதே வேலையை 15 முதல் 18 டிகிரியில், பத்து லட்சத்துக்கு 100 பங்கு எத்திலீனை ஒரு நாள் கொடுத்து, கரியமில வாயுவை வெளியேற்றி, ஈரம் குறையாமல் செய்கிறோம். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதைப் பற்றி இதற்குமேல் பேச வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு முழுவதையும் குளிர் முடக்கிவிடும். வாழையின் தாயகம் தென்கிழக்காசியாவும் அதைச் சேர்ந்த தீவுகளும். பனியை அறியாத இடம். அதன் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு வெதுவெதுப்பான சூட்டில் நெகிழ்ந்திருக்கும்படி அமைந்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அது விறைத்துவிடும், உள்ளே பிரிந்திருக்க வேண்டியவை கலந்துவிடும். தோலிலுள்ள பொருள்கள் நொதியோடு சேர்ந்து பழுப்பேறும், பால்குழாய்கள் கறுத்துக் கோடுகளாகத் தெரியும். எத்திலீன் ஆணை கொடுத்தாலும் நிறைவேற்றச் செல்லுக்குத் தெம்பு இருக்காது. மாவு பாதியில் நின்றுபோய், சதையின் நடுவில் கட்டியாக, மணமில்லாமல், துவர்ப்போடு ஒரு பழம் கிடைக்கும். கேவண்டிஷ் வகைக்கு அந்த எல்லை 13 டிகிரி என்பது உலக வாணிபத்தில் நிலைத்த கணக்கு. 1930-களில் டிரினிடாடிலிருந்த தாழ்வெப்ப ஆராய்ச்சி நிலையத்தில் வார்ட்லா முதலானோர் கப்பல் வாழைக்காக உழைத்த காலத்திலிருந்து, பச்சைக்காயை 13, 14 டிகிரிக்குக் கீழே இறக்காதே என்பது மாறாத விதியாக இருக்கிறது. 2021-ல் கொச்சியிலிருந்து நேந்திரன் கடல் வழியாக லண்டனுக்குப் போனபோது, அதற்கான கையாளும் முறையை வகுத்தது திருச்சி மையம்தான். இவ்வளவு நீண்ட கடல்பயணம் கைகூடுகிறது என்றால் காரணம் கடுங்குளிர் இல்லை; அளந்து நிறுத்திய மிதக்குளிர்.

இந்தச் சேதத்தில் மிகக் கொடியது அது உடனே தெரியாது என்பது. 7, 8 டிகிரியில் ஓர் இரவு இருந்த பச்சைத்தாரை வெளியே எடுக்கும்போது பெரும்பாலும் பச்சையாகவே, அழகாகவே இருக்கும். மூன்று நாலு நாள் கழித்துப் பழுக்கவைக்கும் அறையில் மஞ்சள் ஏறாமல் மங்கி நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் கை மாறியிருக்கும். மண்டிக்காரர் விவசாயி இளங்காய் வெட்டிவிட்டார் என்பார், விவசாயி அறைக்காரர் வாயுவைச் சரியாக விடவில்லை என்பார், அறைக்காரர் லாரியைச் சொல்வார். உண்மையை அறியத் தோலைக் கத்தியால் மெலிதாகச் சீவிப் பார்த்தால் போதும். அடியில் செம்பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தால் அது குளிர் அடித்த காய். அயோடின் கரைசலில் வெட்டுமுகத்தைத் தொட்டெடுப்பது இன்னொரு வழி. மாவு இருக்குமிடம் நீலக்கறுப்பாகும், சர்க்கரையான இடம் வெளுத்து நிற்கும். ஒழுங்காகப் பழுக்கும் காயில் வெளுப்பு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராகப் பரவும், குளிர் அடித்ததில் பல நாள் கழித்தும் கறுப்புத் திட்டு போகாது. சில ரூபாய் மருந்தும் ஒரு கத்தியும் கொண்டு முடியும் சோதனை இது. மண்டிகளில் இது வழக்கமாக வேண்டும்.

வீட்டு ஃப்ரிட்ஜில் பழம் வைக்கிறோமே, தோல்தானே கறுக்கிறது, உள்ளே நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் அது பழுத்து முடிந்த பழம். மாவு ஏற்கெனவே சர்க்கரையாகிவிட்டது. குளிர் தடுப்பதற்கு அங்கே வேலை எதுவும் மீதமில்லை. தோலின் செல்கள் மட்டும் சாகின்றன. கிடங்குக்குப் போவது பச்சைக்காய். வேலை இனிமேல்தான் தொடங்க வேண்டும். பழுத்ததில் கண்டதைப் பச்சைக்குப் பொருத்துவது தவறு. இதேபோல் இன்னொரு பழக்கமும் நம்மை ஏமாற்றுகிறது. தமிழ்நாட்டுக் கிடங்குகளில் மிளகாய் வற்றலும் புளியும் மாதக்கணக்கில் குளிரில் சுகமாக இருக்கின்றன. அவை உலர்ந்தவை, மூச்சு நின்றவை. வடித்த சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் பருக்கை விறைக்கிறதே, அதுவும் உயிர் போன மாவின் குணம். வெந்து இளகிய இழைகள் குளிரில் மறுபடி நெருங்கி அடுக்காகின்றன, சூடு காட்டினால் பெரும்பாலும் இளகிவிடும். உயிருள்ள காயில் குளிர் மாவை நேராகத் தொடுவதில்லை, மாவை ஆளும் செல்லைத் தொடுகிறது. ஆள்பவர் உருளையாக இருந்தால் ஒரு பதில், வாழையாக இருந்தால் வேறு பதில்.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு விலையைப் பற்றியது. தார் தரைவிலைக்குப் போகும்போது விவசாயிக்குக் காத்திருக்கும் பலம் வேண்டாமா? வேண்டும். உருளை விவசாயிக்குக் கிடங்கு ஏழெட்டு மாதக் காத்திருப்பைத் தருகிறது. வாழைக்குச் சரியான 13, 14 டிகிரியில், 90-க்கு மேல் ஈரப்பதத்தில், அதிகம் முற்றாமலும் இளசாக இல்லாமலும் வெட்டிய காய் என்றால் மூன்று நாலு வாரம். அதற்குமேல் நீட்டினால் மாவு தானாகவே நகரத் தொடங்கும், காம்பு தளரும், அழுகல் ஏறும். ஆகவே வாழைக்கிடங்கைக் களஞ்சியமாக எண்ணினால் கணக்குத் தவறும். அது ஒரு தங்குமடம். கல்யாணம் இல்லாத மார்கழியின் பின்பாதியில் முற்றிய தாரைப் பொங்கல் சந்தைக்குத் தள்ளலாம். ஆயுத பூஜைக்கு ஒரே நாளில் குவியும் வரத்தைப் பத்து நாளுக்குப் பரப்பலாம். மழையால் லாரி நின்ற நாலு நாளைச் சமாளிக்கலாம். தூரச் சந்தைக்குப் பச்சையாகவே கொண்டுசேர்க்கலாம். இவை சிறிய லாபங்கள் இல்லை. ஆனால் எல்லா வயலும் ஒரே பட்டத்தில் நட்டு, ஒரே மாதத்தில் வெட்டி, விலை மூன்று மாதம் எழாமல் கிடந்தால் எந்தக் குளிரும் காப்பாற்றாது. அதற்கு நடவை மாற்றி அடுக்க வேண்டும். அல்லது மாவை உயிரிலிருந்தே பிரித்துவிட வேண்டும்.

பிரிப்பதற்கு முன்னோடி பக்கத்திலேயே இருக்கிறது. சேலம், நாமக்கல் மரவள்ளிக் கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நரம்பு கறுத்துக் கெட ஆரம்பித்துவிடும். அதற்கு யாரும் குளிர்பதனக் கிடங்கு கேட்கவில்லை. கிழங்கை உடனே அரைத்து, மாவைப் படியவைத்து, வெயிலில் உலர்த்தி, ஜவ்வரிசியாக்கி மாதக்கணக்கில் வைத்து விற்கிறார்கள். 1981-லிருந்து அதற்கெனக் கூட்டுறவுச் சங்கம், சேகோசர்வ், சேலத்தில் நடக்கிறது. சீவி உலர்த்திய பச்சை வாழைக்காய் மாவும் அப்படி வைக்கத்தக்கது. அதிலுள்ள மாவின் ஒரு பங்கு எளிதில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் வகை என்பதால் அதற்குத் தனி மதிப்பும் உண்டு. நேந்திரன் சிப்ஸும் இதே தர்க்கம்தான். சிப்ஸ்காரருக்கு மாவு மாவாகவே வேண்டும். காய் ஒருநாள் முந்திக்கொண்டு பழுக்கத் தொடங்கினாலும் சீவல் எண்ணெயில் சிவந்துவிடும். உருளைச் சிப்ஸைக் கெடுக்கும் அதே சர்க்கரை, அதே சட்டி. நேந்திரனுக்கு மிதக்குளிர் தருவது அந்தச் சில நாள் அவகாசத்தைத்தான். அது 13-க்குக் கீழே போனால் காய் முகம் கறுத்து முதல் விலையை இழக்கும்.

செலவைக் காட்டி ஒரே பெரிய அறை போதும் என்பாரும் உண்டு. செலவுக் கணக்கையே பார்க்கலாம். திருச்சிக் கோடையில் வெளியே 40 டிகிரி என்றால், உள்ளே 4-ஆக வைக்கச் சுவர் தாங்க வேண்டிய வேறுபாடு 36. 13-ஆக வைக்க 27. சுவர் வழியாக நுழையும் சூடு கால்பங்கு குறைகிறது. வாழையின் மூச்சுச்சூடு அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்னும் என்பதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் அதிகக் குளிர் அதிகப் பாதுகாப்பு என்று பணம் கட்டிச் சேதத்தை வாங்குவதைவிட இது மேல். ஒரே அறையில் உருளை, ஆப்பிள், வாழை என்று அடுக்கினால் ஒன்றுக்கு ஏற்ற டிகிரி மற்றதற்கு ஏற்காது. ஆப்பிள் விடும் எத்திலீனில் பச்சைக்காய் கணக்கு தவறிப் பழுக்கும். சிறிய அறைகள் நாலு, தனித்தனிக் குளிர்க்கருவியோடு, தனித்தனியாகப் பூட்டும்படி இருப்பதே இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும். அறைக்குள் போகுமுன் வயல்சூட்டை இறக்க ஓர் இடம் வேண்டும். வெயிலில் வெட்டிய தாரின் சதை அறைக்காற்று குளிர்ந்த பின்னும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். ஆகவே சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்பக் கூடாது. காயின் சதைக்குள் முள்ளைக் குத்திப் பார்க்கும் வெப்பமானியே உண்மை சொல்லும். இனத்துக்கு இனம் தாங்கும் எல்லை மாறும் என்பதால், கேவண்டிஷுக்குக் கண்ட 13-ஐப் பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டவும் கூடாது. சில சீப்புகளை முதலில் வைத்துப் பார்த்து, பழுக்கவைத்து, வெட்டி அயோடின் தொட்டு, பிறகே லாரி அளவுக்கு இறங்க வேண்டும்.

தொட்டியம் வட்டாரத்தில் அடுத்த முறை கிடங்கு கேட்டு மனு எழுதும் வாழை விவசாயிகள், உற்பத்தியாளர் குழுக்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். 'குளிர்பதனக் கிடங்கு' என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்த இனம், எத்தனை டிகிரி, எத்தனை நாள், அறை எத்தனை, பழுக்கவைக்கும் அறை பக்கத்தில் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணை எழுதுங்கள். 13-க்குக் கீழே போகாத அறை வேண்டும் என்ற வரி அந்த மனுவில் கட்டாயம் இருக்கட்டும்.